ஒரு சொம்புக்காரங்கள முன்னாடி விடுங்க

வணக்கம் நேயர்களே. நான் ராயபுரம், காசிமேடு பக்கம் வீட்டுக்கு வீடு நெட் கனெக்‌ஷன் போடுற ஆளு, மைக்ல பேசி பழக்கமில்ல, கூப்பிட்டாங்க வந்துட்டேன்.

காசிமேட்டுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. ராத்திரி அவர் கால் பண்ணா குரல் துண்டு துண்டா வெட்டுதுன்னு 50 எம்பி பிளான 100 ஆக்கிட்டாங்க, காசு போனதுதான் மிச்சம். "தம்பி, ரவுட்டர மாத்திடலாமா"ன்னாங்க. இருங்கக்கான்னு பிங் போட்டு பாத்தேன், அதாவது ஒரு துண்டு தகவல் போய் திரும்பி வர எவ்ளோ நேரமாவுதுன்னு. சும்மா இருக்கறப்போ 20 மில்லிசெகண்ட், அவங்க பையன் போன சார்ஜ்ல போட்டதும் 600ஐ தாண்டிடுச்சு. சார்ஜ் ஏற ஆரம்பிச்சா போட்டோ வீடியோ எல்லாம் தானா அப்லோடு ஆவுது, அவ்ளோதான் விஷயம்.

தெருக்குழாய்ல இருவது குடத்தோட ஒருத்தர் நிக்கறாரு, பின்னாடி ஒரு அம்மா ஒரே ஒரு சொம்போட வராங்க, நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம், "நீ புட்சிகினு போம்மா"ன்னு விட்டுடுவோம்ல? குரல்ங்கறது அந்த சொம்பு. சாதாரண வாய்ஸ் கால்ல செகண்டுக்கு 50 பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், ஒவ்வொண்ணுலயும் குரல் 160 பைட்டுதான், ஆனா லேட்டா வந்தா அது வேஸ்ட். போட்டோ அரை நிமிஷம் லேட்டானா யாருக்கும் தெரியக்கூட தெரியாது.

வைஃபைல இத பாத்துக்கறதுக்கு டபிள்யூஎம்எம்னு ஒண்ணு இருக்கு, 802.11இ-ங்கற வைஃபை விதில இருந்து எடுத்தது. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், அதனால ஒவ்வொரு டிவைஸும் சீட்டு குலுக்கற மாதிரி ஒரு நம்பர் எடுத்து அது பூஜ்யம் ஆகறவரைக்கும் காத்திருக்கும். குரலுக்கு 0ல இருந்து 3க்குள்ள நம்பர், வீடியோவுக்கு 7 வரைக்கும், மத்ததுக்கு 15 வரைக்கும், மோதிக்கிட்டா அது இன்னும் பெருசாவும். சின்ன நம்பர் கைல இருக்கறவன் முன்னாடி போவான், ஆனா கேரண்டி கிடையாது, அதிர்ஷ்டம் கொஞ்சம் அவன் பக்கம் அவ்ளோதான்.

தொழிலுக்கு வந்த புதுசுல எவனோ சொன்னான்னு ஸ்பீடு ஏறும்னு நான் டபிள்யூஎம்எம்ம ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், வெக்கமா இருக்கு. அது இல்லன்னா 802.11என்-ங்கற வைஃபையோட வேகமே கிடைக்காது, பழைய 54 எம்பிக்கு இறங்கிடும். அந்த பட்டன தொடாதீங்க.

இன்னொரு கூத்து. குரல் பாக்கெட் மேல 46ன்னு ஒரு குறி போட்டு அனுப்புவாங்க, நெறைய டிவைஸ் அதுல மொத மூணு பிட்ட மட்டும் பாத்துட்டு வீடியோ வரிசைல நிக்க வெச்சிடும், 2018ல ஆர்எஃப்சி 8325ன்னு ஒரு இன்டர்நெட் விதிக்குறிப்பு வந்துதான் இத எப்படி சரி பண்றதுன்னு எழுதி வெச்சாங்க. போற வழியில குறியே அழிஞ்சு போறதும் உண்டு.

ஆனா அந்த அக்கா வீட்ல அடைச்சுக்கிட்டது வைஃபையே இல்ல, வெளிய போற லைன். அப்லோடு லைன விட வேகமா தள்ளினா எல்லாம் வாசல்ல இருக்கற பாக்ஸ்ல குவியும், மணலி ரோட்ல ஹார்பருக்கு நிக்கற கண்டெய்னர் லாரி மாதிரி, அதுக்கு பின்னாடி மாட்டுன சொம்புக்காரி என்ன பண்ணுவா? அதான் ரவுட்டர்லயே அப்லோட லைன் வேகத்துக்கு ஒரு பத்து பர்சென்ட் கம்மியா கட்டிட்டேன், க்யூவ ஒழுங்கா பாத்துக்கற எஸ்க்யூஎம்ம ஆன் பண்ணேன். இப்போ க்யூ நம்ம ரவுட்டர்ல நிக்குது, அங்க யாரு முன்னாடின்னு நாமதான் சொல்றோம். அப்லோடு ஓடறப்பவே பிங் 30. பிளானயும் பழையபடி 50க்கு இறக்க சொல்லிட்டேன்.

பக்கத்து வீட்டு ரவுட்டர்ங்க எல்லாம் அதே சேனல்ல கத்திக்கிட்டு இருக்கறதுக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11ன்னு மூணுதான், நம்ம சந்துல வீடோ முப்பது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, ஆனா பழைய செங்கல் சுவர் ரெண்டு தாண்டினா அது படுத்துடும், அதனால கால் வந்தா ரவுட்டர் இருக்கற ரூமுக்கே வந்து பேசுங்கக்கா. நன்றி, வணக்கம்.