வீட்டுக் கணினியில் கை வைக்கலாம், வழி இருக்கிறது

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். கணினி நன்றாக ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11க்கு மாற முடியாது என்கிறது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? செட்டிநாட்டில் இந்தக் கேள்வி அதிகம் வருவதில் வியப்பில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் புதிய லேப்டாப் வாங்கியதும் பழையதை ஊருக்குக் கொண்டுவந்து ஆச்சியிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல். அதற்கு முந்தையவை வெளியே நிற்கின்றன.

தூக்கிப் போட வேண்டாம். மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அந்த அவகாசத்துக்குள், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைச் சோதித்துப் பார்க்கலாம். அதைத்தான் இன்று காட்டப்போகிறேன். லினக்ஸ் வேண்டாம் என்பவர்களும் இருங்கள். புதிய மென்பொருள் எதைச் சோதிப்பதற்கும் இதே முறைதான்.

நம் வீடுகளில் கணினி என்றாலே "தொடாதே, கெட்டுப்போய்விடும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை ஒரு மென்பொருளைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் அதைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்யும், அவ்வளவுதான். கை வைக்கட்டும். ஆனால் திரும்பி வருவதற்கு ஒரு வழியை முதலில் போட்டுவிட்டு, அந்த வழியில் ஒருமுறை உண்மையிலேயே திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கை வைக்கட்டும். இந்த இரண்டாவது பாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பேக்கப்பிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்து மொய்க் கணக்கு எக்செல் கோப்பாக இருக்கிறது. கல்யாண ஒப்பந்த ஆவணமான இசைகுடிமானத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். ஐயா பர்மாவில் இருந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றன. கல்லூரிப் பிள்ளையின் புராஜெக்ட் இருக்கிறது. விண்டோஸை மறுபடியும் நிறுவலாம், மென்பொருளை மறுபடியும் இறக்கலாம். ஐயாவின் படத்தை எங்கே போய் இறக்குவது?

ஆகவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுங்கள். உறவினர் வீட்டுக் கணினியாக இருந்தாலும் சரி. பழைய படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்று, எக்செல் கோப்பு ஒன்று என்று திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிந்தால் போதாது, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் பல வீடுகளில் உண்டு. அவை எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறையில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும் என்பது இப்படி வேறு கணினியில் திறந்து பார்க்கும்போதுதான் தெரியவரும். சோதனை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று புகுந்தால், மாட்டியே இருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் போய் எதையாவது மாற்றிய பிறகு, அடுத்த முறை திறக்கும்போது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான், கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்து, தாளில் எழுதி, பத்திரங்கள் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். லேப்டாப்பைக் கொடுத்தவர் சிங்கப்பூரில் இருந்தால், சாவி அவருடைய கணக்கில் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது இறக்குவோம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸில் பழகிய கைக்கு எளிதாக இருக்கும். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கியாகிவிட்டது. உடனே அதைத் திறக்கவில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கீழே விவரப் பகுதியில் எழுதியிருக்கும் கட்டளையைக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரம் எடுக்கும். வந்துவிட்டது, 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வரி. இது எஸ்ஹெச்ஏ-256 கைநாட்டு. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் இந்த வரி முற்றிலும் வேறாக வரும். தளத்தில் கொடுத்திருக்கும் வரியைப் பக்கத்தில் வைக்கிறேன். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்துவிட்டு விடாதீர்கள், முழுவதையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகிறது.

இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016 பிப்ரவரி 20 அன்று இதே லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைத் திருப்பி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். 17.3 சினமன் பதிப்பை அன்று இறக்கியவர்கள் அதில் சிக்கினார்கள். கைநாட்டும் கோப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால், பக்கத்தைக் கைப்பற்றியவன் இரண்டையும் மாற்றலாம். அதனால் கைநாட்டு வரியை அதே கோப்புகளின் நகலை வைத்திருக்கும் வேறொரு மிரர் தளத்திலும் பாருங்கள். வெளியிட்டவர் யார் என்று காட்டும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் அதையும் செய்யுங்கள்.

கைநாட்டு ஒத்துப்போவது, அவர்கள் அனுப்பியதுதான் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும் சான்று. அனுப்பியதே கெட்டதாக இருந்தால்? 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பு அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே, முறையான கையொப்பத்தோடே, உள்ளே தீம்பொருளைச் சுமந்துகொண்டு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. அதனால்தான் சோதிப்பதற்கென்று ஒரு தனி இடம் வேண்டும்.

அந்த இடம் மெய்நிகர் கணினி. நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள் அல்லவா? ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் அறை தனி, அடுப்பு தனி, கணக்கும் தனி. அப்படித்தான் இதுவும். உங்கள் கணினிக்குள்ளேயே, அதன் ரேமிலும் டிஸ்கிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, இன்னொரு கணினி தனியாகக் குடித்தனம் நடத்துகிறது. நான் விர்ச்சுவல் பாக்ஸ் பயன்படுத்துகிறேன், இலவசம். டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்துக்குப் போய், சிபியூவுக்குக் கீழே விர்ச்சுவலைசேஷன் இயங்குவதாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பயாஸில் இயக்க வேண்டும். போவதற்கு முன்னால் அந்த 48 இலக்கம் கையில் இருக்கட்டும். 8 ஜிபி ரேம் இருந்தால் 4 ஜிபியை உள்ளே கொடுக்கலாம். 4 ஜிபிதான் மொத்தமே என்றால் இந்த வழி வேண்டாம், மூச்சுத் திணறும். அவர்களுக்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

மின்ட்டை உள்ளே நிறுவி வைத்திருக்கிறேன். இப்போது ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். இந்த நொடியில் அந்தக் கணினி எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாகிறது. பெயரும் கொடுக்கிறேன்: "சுத்தமான நிலை". இனி, வேண்டுமென்றே கெடுக்கப்போகிறேன். யூஎஸ்ஆர் என்ற கோப்புறையில்தான் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் இருக்கிறது. அதை வேரோடு அழிக்கிறேன். பாருங்கள், வரிகள் ஓடுகின்றன. மெனுவில் சின்னங்கள் காணாமல் போகின்றன. கோப்பு மேலாளரைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துவிட்டுத் திறக்கிறேன். கறுப்புத் திரையில் நாலைந்து வரி எழுத்து, அதோடு நின்றுவிட்டது. இது உங்கள் வீட்டு உண்மையான கணினியாக இருந்தால் ராத்திரித் தூக்கம் போயிருக்கும்.

அணைக்கிறேன். ஸ்னாப்ஷாட் பட்டியலுக்குப் போய் "சுத்தமான நிலை"யைத் தேர்ந்து மீட்டெடு என்கிறேன். திறக்கிறேன். மின்ட் வந்துவிட்டது, வைத்த இடத்தில் எல்லாம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையாலேயே இதைச் செய்ய விடுங்கள். ஒருமுறை கெடுத்து, ஒருமுறை மீட்டவர்களுக்குக் கணினி மேல் இருக்கும் பயம் போய்விடும். நான் பார்த்ததிலேயே நல்ல பாடம் இதுதான்.

ஒரு கவனம். விர்ச்சுவல் பாக்ஸில் பகிர்வுக் கோப்புறை என்ற வசதி உண்டு. வெளியே இருக்கும் உங்கள் கோப்புறை உள்ளேயும் தெரியும். தெரியாத மென்பொருளைச் சோதிக்கும்போது அதை மூடிவிடுங்கள், கிளிப்போர்டுப் பகிர்வையும் மூடிவிடுங்கள். உள்ளே புகுந்த ரான்சம்வேருக்கு அந்தக் கோப்புறை கைக்கெட்டும் தூரம். சந்தேகம் அதிகமென்றால் மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைப் போட்டுப் பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே போடும் கோப்பு மற்ற நிறுவனங்களுடனும் பகிரப்படும். மென்பொருளைப் போடலாம், பத்திரத்தையோ வங்கி அறிக்கையையோ போடக் கூடாது.

விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ். 2019 மே மாத மேம்பாட்டிலிருந்து இருக்கிறது. திறந்தால் புத்தம்புது விண்டோஸ் ஒன்று வரும், மூடினால் உள்ளே செய்தது எல்லாம் அழிந்துவிடும். சின்ன மென்பொருளை நிறுவிப் பார்க்க அருமையானது. ஹோம் பதிப்பில் கிடையாது.

இனி 4 ஜிபிக்காரர்களுக்கு. வென்டாய் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறக்கலாம். எதையும் நிறுவாமல் முழு லினக்ஸும் ஓடும். பென் டிரைவில் இருந்தது அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது திரையில் நிறுவும் சின்னம் ஒன்று இருக்கும். ஆர்வத்தில் அதை அழுத்தி, டிஸ்கை அழித்து நிறுவு என்ற தேர்வைக் கொடுத்தால் விண்டோஸும் படங்களும் போய்விடும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயமே இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது, அதைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றியாகிவிட்டது. பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குகிறேன். பக்கத் தகட்டைத் திறக்கிறேன். நம் ஊர்ச் செம்மண் புழுதி விசிறியில் எப்படிப் படிந்திருக்கிறது பாருங்கள். மென்மையான தூரிகையால், விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். உலோகச் சட்டத்தைத் தொட்டு, கையில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டேன். இதோ ஹார்ட் டிஸ்க். தட்டையாக, பென் டிரைவ் முனை அளவில் இருக்கும் இந்த வயர்தான் சாட்டா வயர். சின்னக் கொக்கியை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். அவ்வளவுதான். இப்போது என்ன செய்தாலும் குடும்பத்தின் கோப்புகள் கணினியின் கைக்கு எட்டாது. பென் டிரைவில் ஒரு மாதம் வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள்.

எதைச் சோதிப்பது? நிறம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துகிறார்கள். உங்கள் வீட்டு வேலையைச் செய்து பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை வருகிறதா? லினக்ஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் வரும், ஒலியியல் முறையும் அதிலேயே உண்டு. மொய்க் கணக்கின் நகலை, எக்செல் கோப்பையும் திறக்கும் லிப்ரே ஆஃபிஸில் திறந்து கூட்டல் சரியாக வருகிறதா பாருங்கள். பிரின்டரில் ஒரு தாள் எடுங்கள். டேலியில் கணக்கு எழுதுபவர்களும், கையெழுத்து டோக்கனை மாட்டி வரித் தாக்கல் செய்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அந்த வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

பயாஸ் மேம்பாடு பற்றி தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இதற்கு மட்டும் ஸ்னாப்ஷாட் கிடையாது தம்பி. பாதியில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். குறிப்பிட்ட கோளாறு ஒன்றைத் தீர்க்கும் மேம்பாடு என்றால் மட்டும் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலோ, இடிமழைப் பருவத்து மாலையிலோ தொடாதீர்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம், லேப்டாப்பாக இருந்தால் பேட்டரி நிறைந்து, சார்ஜரும் மாட்டியிருக்கட்டும்.

கட்டளைகளையும் மீட்புச் சாவி பார்க்கும் முறையையும் கீழே விவரப் பகுதியில் எழுதியிருக்கிறேன். அடுத்த வீடியோவில் மின்ட்டில் தமிழ்99 நிறுவிக் காட்டுகிறேன். அதற்குள் உங்கள் கணினியின் ரேம் எவ்வளவு, பிராசஸர் எந்தத் தலைமுறை என்று பார்த்து எழுதுங்கள், உங்களுக்கு எந்த வழி பொருந்தும் என்று சொல்கிறேன். வணக்கம்.