குதிரை சிகிச்சை: குதிரைக்கு நம் மனசு தெரியுமா?

வணக்கம் மக்களே! மனநலச் சிகிச்சை வகைகளைப் பற்றிப் பேசிய வீடியோவில் குதிரை சிகிச்சை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். கமெண்ட் முழுக்க அதே கேள்விதான். குதிரைச் சவாரி போனால் மன அழுத்தம் குறைந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். ஒரு நண்பர், "மாப்பிள்ளை அழைப்புக்கு என்னைக் குதிரையில் ஏற்றினார்கள், டென்ஷனே அன்றைக்குத்தான் ஆரம்பித்தது" என்று எழுதியிருக்கிறார். அவருக்குத் தனி வணக்கம்.

முதலில் இதைத் தெளிவாக்கிவிடலாம். மனநலத்துக்காகச் செய்கிற குதிரை சிகிச்சையில் பெரும்பாலும் யாரும் குதிரை மேல் ஏறுவதே இல்லை. ஏறி உட்கார்ந்து செய்வது ஹிப்போதெரபி. குதிரை நடக்கும்போது அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பு, அவரே நடப்பது போல அசையும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு உடம்பின் சமநிலை வருவதற்காக பிசியோதெரபிஸ்டுகள் இதைச் செய்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெலுக்கு 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் உதவி வேண்டும்! அது தனி வீடியோவுக்கான கதை.

சரி, மனநலப் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஈகாலா என்ற அமைப்பின் முறை இதில் பிரபலம். ஒரு மனநல சிகிச்சையாளர், குதிரையின் போக்கு தெரிந்த ஒருவர், ஒன்றிரண்டு குதிரைகள். இடம், வேலி போட்ட மைதானம். கொடுக்கிற வேலைகள் கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு குதிரையிடம் போய் நில்லுங்கள், பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள், கயிற்றைப் பிடித்து அந்தக் கம்பம் வரை கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் எதிரே நிற்பது 400, 500 கிலோ எடையுள்ள ஒரு உயிர். அதை அதட்டி இழுக்கவும் முடியாது, கெஞ்சிக் கூப்பிட்டாலும் வராது. அப்புறம் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் குதிரை? நாயை வைத்துச் செய்யலாமே? செய்கிறார்கள். ஆனால் நாய் நம்மிடம் ஓடி வந்துவிடும், நாம் எப்படி நடந்துகொண்டாலும் மன்னித்துவிடும். குதிரை காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாக இருந்த இனம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னே கொஞ்சம், நேர் பின்னே கொஞ்சம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்க்கும். பக்கத்தில் வருகிறவரின் நடை, தோள், மூச்சு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். அப்பா பைக்கை நிறுத்துகிற சத்தத்திலேயே அவர் மூடைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் உண்டில்லையா, அந்த மாதிரி.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. பெர்லினில் 1900களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஊரே வாய்பிளந்தது. ஓஸ்கர் பஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்து 1907இல் எழுதினார்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி நிமிரும், அதைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. இதில் வேடிக்கை, உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் பஃபுங்ஸ்டால் தன் தலையசைவை முழுசாக அடக்க முடியவில்லை.

அதனால் "குதிரை உங்கள் ஆன்மாவைப் படிக்கும்" என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். குதிரை படிப்பது உடம்பை. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தைப் பார்த்தபோது இதயத் துடிப்பு சீக்கிரம் ஏறியது, ஆபத்தாகத் தெரிவதைக் குதிரைகள் பெரும்பாலும் பார்க்கும் இடது கண்ணால் பார்ப்பதும் அதிகமானது. அவ்வளவுதான் அதன் வேலை. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தோளை இறுக்கி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து குதிரை விலகிப் போகலாம். அந்த நேரத்தில் சிகிச்சையாளர், "இப்போது உள்ளே என்ன ஓடுகிறது?" என்று கேட்பார். வாயைத் திறக்காத பதின்வயதுப் பிள்ளைகள்கூட, குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துத் தன்னைப் பற்றிப் பேசிவிடுவார்கள். ஈ கடித்ததாலும் குதிரை நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு காது அசைவுக்கும் அர்த்தம் சொல்கிற ஆளிடம் நான் போகமாட்டேன்.

பலன் இருக்கிறதா? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'மேன் ஓ வார்' ஆய்வில் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனப் பாதிப்பு, உள்ள 63 முன்னாள் ராணுவத்தினர் கலந்துகொண்டார்கள். 8 வாரம், வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்தன, 3 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. பாதியில் விட்டுப்போனவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, குதிரை இல்லாத இன்னொரு குழு அதில் கிடையாது. வெளியே வெயிலில் நின்றதாலா, கூட இருந்த நண்பர்களாலா, குதிரையாலா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.

போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மைதானத்தில் நிற்கப்போகும் சிகிச்சையாளர் மனநலத்தில் என்ன படித்திருக்கிறார்? குதிரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர், அதற்குப் பிடிக்காவிட்டால் விலகிப் போக விடுவார்களா? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். ஆஸ்துமாவோ முடி அலர்ஜியோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். செருப்போடு போகாதீர்கள், மூடிய ஷூ வேண்டும். குளம்பு காலில் ஏறினால் விரல் மிஞ்சாது!