வாயால் சுட்ட வடை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் தருகிறேன்.

தலைப்பு என்ன? 'வூலின் வாய்ஜுவான்' என்ற சீனச் சிரிப்புத் தொடரில், தோங்ஃபூ சத்திரத்தைக் காப்பாற்றுவது கைவித்தையா, வாய்ப்பேச்சா? நான் வாய்ப்பேச்சு அணி. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் சீன மத்தியத் தொலைக்காட்சியில் வந்தது, மொத்தம் 80 பாகம். மிங் அரசர் காலத்துச் சின்ன ஊர், அதில் ஒரு சத்திரம். வாள் வீரர்கள் கூரை மேல் பறப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்தால், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். தீர்ப்பை இப்போதே எழுதிவிடலாம் ஐயா. வாய்ஜுவான்! பெயரிலேயே வாய் இருக்கிறது. சீனத்தில் 'வாய்' என்றால் 'வெளியே' என்று பொருளாம். இருக்கட்டும். சமையல்காரன் பெயர் லீ தாஸுய். தாஸுய் என்றால் பெரிய வாய். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொல்லிவிட்டுப் போனார்? "இவர்கள் வாயால் வடை சுடுகிற கூட்டம். இவர் வீட்டிலும் அப்படித்தானாம், அண்ணி சொன்னார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவியும் தட்டினாள், பார்த்தேன். இருபது வருடமாக நான் செய்வதாகச் சொல்லி இன்னும் செய்யாத வேலைகளின் பட்டியல் அவளிடம் இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, வாயால் வடை சுட முடியாது என்று யார் சொன்னது? ஒருத்தன் சுட்டிருக்கிறான். அதே சத்திரத்தில்!

அந்தச் சத்திரத்தில் லூ என்று ஒரு கணக்குப்பிள்ளை. முதல் படித் தேர்வில் மட்டும் தேறியவன், அதனால் எல்லோரும் அவனை 'ஷியூசாய்' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் வாத்தியார் மாதிரி. ஒரு வாளியைத் தூக்கினால் இரண்டு முறை கீழே வைப்பான். இவன் முன்னால் வந்து நிற்கிறான் ஜி வூமிங் என்கிற கொலைகாரன், பழி தீர்க்க. வித்தை தெரிந்தவர்கள் எல்லாம் கையைப் பிசைகிறார்கள். வாத்தியார் என்ன செய்தான்? கேள்வி கேட்டான்.

"நீ யார்?"

"ஜி வூமிங்."

"அது பேர். அந்தப் பேரை எனக்கு வைத்தால் நான் ஜி வூமிங். பேரை எடுத்துவிட்டால் நீ யார்?"

கொலைகாரன் யோசிக்கிறான். ஐயா, ஒரு கொலைகாரன் யோசிக்க ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது. என்னிடம் இதே கேள்வியை ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். "நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" மூன்று நாள் அலைந்தேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவன் நிலைமை அதைவிட மோசம். வாத்தியார் விடவில்லை. நான் யார், நீ யார், யார் யாரைக் கொன்றது, என்னை நான் கொன்றேனா, நீ என்னைக் கொன்றால் அது எந்த 'நான்' என்று சுற்றிச் சுற்றி வருகிறான். கொலைகாரனுக்கு நெற்றி வியர்க்கிறது, கண் செருகுகிறது. கடைசியில், "என்னைக் கொன்றது நான்தான்!" என்று கத்திக்கொண்டு தன் தலையில் தானே ஓங்கி அடித்துச் சாய்ந்தான். நம்மில் 'நான் யார்' என்று கேட்டவர்கள் ஞானி ஆனார்கள். அங்கே கேள்வி கேட்டவன் பிழைத்தான், பதில் தேடியவன் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு வாத்தியாருக்கு 'குவான்ஜோங் மாவீரன்' என்று பட்டம்! வடை வெந்ததா இல்லையா அண்ணே? ஓட்டை சரியாக விழுந்திருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, அண்ணனின் பெரிய ஆயுதத்துக்கு வருவோம். சூரியகாந்தி நாடி விரல். இரண்டு விரலால் நாடி நரம்பில் ஒரு குத்து, எதிரி சிலை. ஜின் யோங்கின் வாள் நாவல்களில் சூரியகாந்தியின் பெயரில் ஒரு ரகசிய ஏடு உண்டு. அதற்காகக் கழுத்தை வெட்டிக்கொள்வார்கள். இந்தத் தொடர் அந்தப் பூவின் பெயரை எடுத்து யார் விரலில் ஒட்டியது? பாய் ஜான்தாங்கின் விரலில். ஊரே நடுங்கிய திருடன் என்று பேர், இங்கே தோளில் துண்டோடு மேசை துடைக்கிறான். காவலர் வந்தால் முதலில் சிலையாவது இவன்தான். அப்புறம் குவோ ஃபூரோங், பெரிய வீரரின் மகள். மலையைப் பெயர்த்துக் கடலைக் கவிழ்க்கும் உள்ளங்கை. அந்தக் கையால் சத்திரத்துச் சாமான்களை உடைத்தாள், கடனை அடைக்கத் தரை துடைக்கிறாள். கைவித்தையின் வருமானம் இவ்வளவுதான்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

சத்திரத்து முதலாளியம்மா தோங் ஷியாங்யூ. ஹான்ஜோங்கிலிருந்து கல்யாணப் பெண்ணாகக் கிளம்பி வந்தவள். தாலி ஏறுவதற்கு முன்பே மாப்பிள்ளை செத்துப்போனான். அவனுடைய சின்னத் தங்கையைத் தானே வளர்த்துக்கொண்டு, தெரியாத ஊரில் கடை போட்டாள். கோபம் வந்தால் ஒரே மூச்சில் புலம்புவாள். நான் இங்கே வந்திருக்கவே கூடாது, வந்திருக்காவிட்டால் அவன் செத்திருக்க மாட்டான் என்று சங்கிலி போல நீளும் புலம்பல். தொடர் பார்ப்பவர்கள் எல்லோரும் அதற்குத்தான் சிரிப்பார்கள்.

அப்பா இறந்த வருடம், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அம்மா யாரோடும் பேசவில்லை. ஏழாம் மாடிச் சீன ஆன்ட்டி ஒருநாள் டிவிடி டப்பாவோடு வந்தார். அம்மாவுக்குச் சீனம் தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் பழைய சந்தை மலாய், அதுவும் அரைகுறை. தினமும் மத்தியானம் இரண்டு பாகம். ஆன்ட்டி சிரித்தால் அம்மாவும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக. நான் அடுப்படியில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் இந்தப் புலம்பல் வந்தது. அன்று ஆன்ட்டி சிரிக்கவில்லை. திரையைக் காட்டி, "லாக்கி சுடா மாத்தி," என்றார். புருஷன் செத்துட்டான். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாயா பூன்," என்றார். எனக்கும்தான்.

நான்கு மாதத்தில் அப்பாவைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இரண்டே வார்த்தை, அதுவும் தன் மொழியில் இல்லை.

ஆன்ட்டி பதில் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் அங்கே "கை, கை" என்று கத்துகிறார். ஆமாம் அண்ணே, கைதான். அந்த மதிப்பெண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கி வைத்த வணக்கமும் இதோ. வணக்கம்.