மேலண்ணத்தில் ஒரு மேடு

வணக்கம் மக்களே. பின்னால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் மழை விடட்டும் என்று காத்திருந்தால் நான் வீடியோவே போட முடியாது.

இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. என் வாயைத்தான் காட்டப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

போன மாதம் ஒரு காலை, முதல் நாள் சுட்ட ரொட்டியைக் கட்டுசம்பலோடு கடித்தேன். காய்ந்த ஓரம் மேலண்ணத்தைக் கீறிவிட்டது. கீறின இடத்துக்கு நாக்கு தானாகப் போகும் இல்லையா? போன நாக்கு அங்கே வேறொன்றைக் கண்டுபிடித்தது. நட்டநடுவில், நெடுக்காக, ஒரு மேடு. பாதிப் புளியங்கொட்டை அளவு இருக்கும். கல் மாதிரிக் கெட்டி. வலி கொஞ்சமும் இல்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அன்று இரவு போன் டோர்ச்சும் முகக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாயைப் பிளந்து நின்றேன். இணையத்தில் தேடினால் முதலில் வருவதே புற்றுநோய். எங்கள் அப்பாயி நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர் வேறு. தூக்கம் வருமா?

மறுநாள் கிளினிக். டொக்டர் சிங்களவர், பொறுமையானவர். பஸ்ஸில் சண்டை போடும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும், வாய்க்குள் இருப்பதைச் சொல்லத்தான் வரவில்லை. சரி, தமிழிலாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. "ஹார்ட் பலட்டா, சொஃப்ட் பலட்டா?" என்று கேட்டார். அண்ணத்தின் கெட்டியான பக்கமா, மெத்தென்ற பக்கமா என்று அர்த்தமாம். ஆவென்று வாயைத் திறந்து விரலைக் காட்டினேன். அவர் கையுறை விரலால் இரண்டு விநாடி அழுத்திப் பார்த்துவிட்டுத் துண்டில் எழுதினார்: டோரஸ் பலட்டினஸ். டோரஸ் என்றால் புடைப்பு, பலட்டினஸ் என்றால் அண்ணத்தில் உள்ளது. வெறும் எலும்புதான். பெண்களிடம் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுமாம். மெல்ல மெல்ல வளருமாம். பின்னாளில் பொய்ப்பல் கட்டும்போது இடைஞ்சலாக இருந்தால் மட்டும் எடுப்பார்களாம். வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ரோசம் வந்தது. இருபத்தாறு வருடமாக என்னோடு இருக்கிற இடம், அதற்குப் பெயர் தெரியாமலா இருப்பேன்? அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இப்போது நீங்களும் நாக்கைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

மேல் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கு நுனியை வையுங்கள். சின்னக் குமிழ் ஒன்று தட்டுப்படும். அதற்கு அடியில் எலும்பில் ஒரு துளை, மூக்கிலிருந்து நரம்பு இறங்குகிற வழி. அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேளுங்கள், உயிர் போய்த் திரும்பின கதை சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தால் வரி வரியாக மேடுகள். கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். தீயில் கருகின உடலை அடையாளம் காணக்கூட இந்த வரிகளைப் பார்ப்பதுண்டு.

அதற்குப் பின்னால் வழவழவென்று கெட்டியாக இருப்பது வல்லண்ணம். முன்னால் மேல்தாடை எலும்பு இரண்டு, பின்னால் அண்ண எலும்பு இரண்டு, நான்கும் சேர்ந்த கூரை. அந்தக் கூரையின் மேல்பக்கம் மூக்குக்குத் தரை. என் மேடு உட்கார்ந்திருப்பது இடமும் வலமும் சேர்கிற தையல் கோட்டில். இன்னும் பின்னால் போனால் நாக்குக்குக் கூச்சமாக, மெத்தென்று ஆகிவிடும். அது மெல்லண்ணம், எலும்பே இல்லாத தசை. லத்தீனிலும் துரும், மொல்லே என்று இதையேதான் சொல்கிறார்கள், வன்மை, மென்மை. கடைசியில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு மட்டும் அவர்கள் யூவுலா, குட்டித் திராட்சை என்று பெயர் வைத்துவிட்டார்கள். நமக்கு அது நாக்காகத் தெரிந்திருக்கிறது.

சும்மா க, ச, ட என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் அடி, நடு, நுனி என்று ஒவ்வொன்றாக அண்ணத்தைத் தொடும். எழுத்தொலிகள் வாயில் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிற தொல்காப்பியத்தின் பிறப்பியலில் இதே வரிசை அப்படியே இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் பெயர்த்தார். இவ்வளவும் இருந்தும் நான் கிளினிக்கில் விரலைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, மலைநாட்டு ஆட்களுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கிருந்து கொழும்புக்கு இறங்கும்போது காது அடைக்கிறதா? இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது. நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையில் ஒரு குழாய் உண்டு, ஆனால் அது சாதாரணமாக மூடித்தான் இருக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் 'டொப்' என்று திறக்கிறதே, அதைத் திறப்பது மெல்லண்ணத்தை இழுக்கிற தசை! மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், சற்று உள்பக்கமாகத் தடவினால் கெட்டியான ஒரு முனை தெரியும். எலும்புக் கொக்கி அது. கப்பியில் கயிறு வளைவது போல அந்தத் தசையின் நாண் அதைச் சுற்றி வளைந்துதான் அண்ணத்துக்குப் போகிறது. அதையும் கட்டி என்று நினைத்துப் பயந்து போகிறவர்கள் உண்டாம். எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.

பஸ்ஸில் குழந்தை வீரிட்டு அழும்போது தாய் பால் கொடுப்பது அதனால்தான் பலிக்கிறது. குழந்தை விழுங்குகிறது, காது திறக்கிறது. தேத்தண்ணி குடிக்கும்போது யாராவது சிரிப்புக் காட்டினால் மூக்கால் வருமே, அதுவும் மெல்லண்ணம் மூக்கு வழியை மூடத் தவறுவதால்தான்.

குழந்தை என்றதும் இன்னொன்று. எங்கள் லயத்தில் அண்ணப் பிளவோடு ஒரு பிள்ளை பிறந்தபோது, கிரகணத்தன்று வெளியே போனாள் என்று தாயைத்தான் எல்லோரும் ஏசினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். கருவில் நாக்கின் இரண்டு பக்கமும் தொங்குகிற இரு தட்டுகள் மேலெழுந்து நடுவில் ஒட்ட வேண்டும், கிட்டத்தட்ட 12 வாரத்துக்குள். ஒட்டாவிட்டால் பிளவு. கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து மூடிவிடுவார்கள்.

அப்படியென்றால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. அப்புறம், உறைப்பு பட்டால் எரிவது, அண்ணம் வெளிறி விறைப்பது, வாய் திறக்கும் அளவு குறைவது. இது பாக்கு செய்கிற வேலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2004 இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. இந்த நாட்டு ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதும் சும்மா இல்லை.

இதைப் படித்த அன்று அப்பாயியை வாசலில் உட்கார வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். என் மூன்று விரலை நெடுக்காக வைத்தால் வாய்க்குள் போக வேண்டும். இரண்டுதான் போனது. அண்ணம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது.

"என்னாடி தெரியுது?"

"மெல்லண்ணம் தெரியுது அப்பாயி."

"அது என்னா பேரு, புதுசா?"

திங்கட்கிழமை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடித்துத் தந்தால்தான் வருவாராம். போகும்போது காது அடைத்தால் விழுங்கச் சொல்லியிருக்கிறேன். வெற்றிலைச் சாறைத்தான் விழுங்குவேன் என்கிறார்.