கை படலை மாஸ்டர்: சிஸ்கோவிடம் வென்றது மனசாட்சியே

நடுவர் ஐயாவுக்கும் மேடைக்கும் ராயபுரத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம். கொடுத்ததே கொஞ்ச நேரம், சால்வை போட்டதில் அதிலும் பாதி போய்விட்டது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"கேப்டன் சிஸ்கோவிடம் கடைசியில் வென்றது கடமையா, மனசாட்சியா?" இதுதான் தலைப்பு. மனசாட்சியே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். கடமைப் பக்கம் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேன், அங்கே நாற்காலி காலி இல்லையாம்.

போன வாரம் இதே தெருவில் திரை கட்டி அந்த எபிசோடைப் போட்டபோது பாதிப் பேர் பஜ்ஜி வாங்கப் போய்விட்டீர்கள். உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998-ல் வந்த 'இன் தி பேல் மூன்லைட்'. டொமினியன் என்கிற எதிரியோடு பெரிய போர். நம்மாள் சிஸ்கோ ஒரு விண்வெளி நிலையத்துக் கேப்டன். வெள்ளிக்கிழமை ஆனால் செத்தவர்கள் பட்டியலை ஒட்டுவார்கள், அதைப் பார்த்துப் பார்த்து மனுஷன் நொந்துபோகிறார். பக்கத்தில் ரோமுலன்கள் என்று ஒரு பெரிய கூட்டம், எதிரியோடு சண்டை கிடையாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறது. அவர்களைப் போருக்குள் இழுத்தால்தான் நம் பக்கம் பிழைக்கும். எதிரி ரோமுலன்களையும் தாக்கத் திட்டம் போடுகிறான் என்று காட்ட ஆதாரம் தேடினார், கிடைக்கவில்லை. கேரக் என்று ஒரு தையல்காரர், முன்னாள் ஒற்றர், அவரைக் கூட்டு சேர்த்துப் பொய் ஆதாரம் தயாரித்தார். அதைச் செய்ய மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு போலிப் பத்திரக்காரனை வெளியே எடுத்தார். அவன் பாரில் தகராறு செய்து பார் முதலாளி குவார்க்கைக் கத்தியால் குத்த, புகார் வராமல் இருக்க குவார்க்குக்கு லஞ்சம். கடைசியில் வந்த ரோமுலன் செனட்டர் அந்த ஆதாரத்தைப் போலி என்று கண்டுபிடித்துவிட்டார். ஆட்டம் முடிந்தது என்று பார்த்தால், அவர் திரும்பிப் போன விண்கலம் வெடித்துவிட்டது. குண்டு வைத்தது கேரக், பழி எதிரி மேல், ரோமுலன்கள் போருக்கு வந்துவிட்டார்கள்.

இவ்வளவையும் சிஸ்கோ தன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிடம் டயரி மாதிரி சொல்கிறார். முடிவில், இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். திரும்பவும் அதையே சொல்கிறார். மறுபடியும் அதையே. அப்புறம், இந்தப் பதிவு மொத்தத்தையும் அழித்துவிடு என்கிறார்.

வாழ முடியும் என்றால் வாழ்ந்துவிட்டுப் போக வேண்டியதுதானே ஐயா, எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்? இதற்குப் பதில் எங்கள் தெரு கேரம் கிளப்பில் இருக்கிறது.

கேரம் பற்றி வடசென்னைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி நம்ம வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா நம்ம புதுவண்ணாரப்பேட்டை. நான் சொல்லப்போகிறவர் அந்த வரிசை கிடையாது. பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில் இப்போது குனிந்து செருப்பைத் தேடுகிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

தெருப் போட்டி, ஃபைனல், கடைசி போர்டு. ரெட் காயினைப் போட்டுவிட்டார், ஃபாலோவாக இன்னொரு காயினைப் போட்டால் ஜெயிப்பு. மிச்சம் இருந்த ஒரே காயின் பாக்கெட்டை விட்டு ஒரு சாண் தள்ளி, கோணமும் மோசம். பவுடரை ஊதுகிற மாதிரி குனிந்தார். நிமிர்ந்தார். காயின் பாக்கெட் வாசலில் நிற்கிறது! எதிராளி டீ கிளாஸை வாங்கிக்கொண்டிருந்தார், அம்பயர் கொசு அடித்துக்கொண்டிருந்தார், ஒருத்தரும் பார்க்கவில்லை. லேசாகத் தட்டினார், விழுந்தது, பரிசு பிரஷர் குக்கர்.

மறுநாள் காலை டீக்கடை. மாஸ்டர் கேட்டது, "ஸ்ட்ராங்கா, லைட்டா?" இவர் சொன்னது, "கை படலை மாஸ்டர், காத்துல நகர்ந்துச்சு." மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை, டீயைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து சலூன். "மீசையை எடுக்கவாண்ணே?" "எடுக்கல தம்பி, அதுவா நகர்ந்துச்சு." அடுத்த வாரம் ஒரு சாவு வீடு. அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "இப்படித் திடீர்னு போயிட்டாரே" என்று அழுகிறார், இவர் பக்கத்தில் போய், "காத்து ஜாஸ்தியா இருந்துச்சும்மா" என்கிறார்! போர்டு ஆடும்போது கிளப்பில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள், ஜன்னலும் கிடையாது, காற்று எந்த வழியாக வந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும். கொடுமை என்னவென்றால், அவர் வீட்டம்மா அந்தக் குக்கரில்தான் பருப்பு வைக்கிறார். விசில் அடித்ததும் ஹாலில் இருந்து குரல் வருகிறது, "கை படலைடி!"

ஒருத்தரும் கேட்கவில்லை ஐயா. கேட்காத கேள்விக்குத் தெரு முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிஸ்கோவிடமும் யார் கேட்டார்கள்? மேலிடம் பொய் ஆதாரத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டது, செனட்டர் செத்துவிட்டார், கேரக் வாயைத் திறக்கப் போவதில்லை. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரிடம் 'கை படலை' என்று சொன்னாரே, அவரைச் சொல்ல வைத்தது கடமையா?

எதிரணியில் பேசிய தங்கை கெட்டிக்காரர். மறுபடி இதே நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன் என்று சிஸ்கோவே சொல்கிறார் என எடுத்துக் கொடுத்தார். அது உண்மைதான், அந்த வசனம் இருக்கிறது, எனக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆனால் அதோடு விட்டாரா? "வேலை எல்லாம் முடிஞ்சப்புறம் வர்ற மனசாட்சி, வெள்ளம் வடிஞ்சப்புறம் வர்ற படகு, அதுல ஏறி எங்க போறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார், நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள். நான் காசிமேட்டுக்காரன். என்னைப் பார்த்தா படகு லேட்டாக வரும் என்கிறீர்கள்?

2015 டிசம்பரில் ஊரே மூழ்கியபோது யார் படகு தங்கச்சி முதலில் வந்தது? ஃபைபர் போட்டை லாரியில் ஏற்றி, தண்ணீர் நின்ற தெருக்களுக்குள் இறக்கி, கடலில் ஓட்டுகிற எங்கள் மீனவர்கள் ரோட்டில் ஓட்டினார்கள். உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் வந்தவர்கள் நிறையப் பேர். இதைத் தலைப்போடு எப்படிச் சேர்ப்பது என்று நடுவர் ஐயா யோசிக்கிறார், எனக்குத் தெரிகிறது, பொறுங்கள்.

அந்தப் படகுகளில் ஒன்றில் எங்கள் சித்தப்பா இருந்தார். ஒரு தெருவில் இந்தப் பக்க மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், எதிர் மாடியில் வயதான புருஷன் பொண்டாட்டி. போட்டில் எல்லாருக்கும் இடமில்லை, கரண்ட் இல்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. குழந்தையை முதலில் ஏற்றிக்கொண்டு, "பெரியவரே, இதோ வந்துர்றோம்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொன்ன மாதிரியே திரும்பி வந்தார்கள். மாடியில் யாரும் இல்லை.

வேறு போட் வந்து கூட்டிப் போயிருக்கும். அப்படித்தான் இருக்கும், அன்றைக்கு எத்தனையோ படகுகள் ஓடின. சித்தப்பா செய்ததில் ஒரு தப்பும் இல்லை, குழந்தையை முதலில் ஏற்றாமல் வேறு யாரை ஏற்றுவார்கள்? ஆனால் இத்தனை வருஷம் கழித்தும், வலை பின்னிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வேற போட்டு வந்துருக்கும் இல்லடா?" என்பார். வந்திருக்கும் சித்தப்பா என்பேன். "ஆமா, வந்துருக்கும்" என்பார். பொங்கலுக்கும் கேட்டார். என் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டே கேட்டார்.

சிஸ்கோ கொலைக்கு உடந்தை, எங்கள் சித்தப்பா உயிரைக் காப்பாற்றியவர், இரண்டும் ஒன்றா என்று எதிரணி எழுந்து கேட்கும். ஒன்றில்லைதான். ஆனால் இரண்டு பேரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அதே மனசாட்சிதான். கம்ப்யூட்டராக இருந்தால் அழி என்று சொல்லிவிடலாம், சித்தப்பா யாரிடம் போய்ச் சொல்வார்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, வென்றது கடமையே என்று நீங்கள் தீர்ப்பு சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் மேடையில் வேண்டாம், எங்கள் சித்தப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வீடு காசிமேட்டில்தான். எதிரணித் தங்கையையும் கூட்டி வாருங்கள், வஞ்சிர மீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.