விதையும் உரமும் கொடுத்தால் போதாதா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நைஜர் நாட்டின் மராடி பகுதியில் விவசாயிகள் தம் வயலில் தாமாகத் துளிர்க்கும் மரங்களை வெட்டாமல் காத்து வளர்த்ததைப் பற்றி முன்பொரு பதிவில் பேசியிருந்தோம். அதைப் பார்த்த ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “மரமெல்லாம் சரி ஐயா. ஆப்பிரிக்காவின் ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு நல்ல விதையும் உரமும் கொடுத்துவிட்டால், சாப்பாட்டுக்குப் பிறர் கையை எதிர்பார்க்காமல் அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா? நானும் ஏதாவது பணம் அனுப்ப நினைக்கிறேன், எதற்கு அனுப்பலாம்?” இந்தக் கேள்வி சில நாள்களாக என்னை விடவில்லை. ஏனென்றால், மலாவி என்ற நாடு இதையே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது.

மலாவியில் பெரும்பாலான விவசாயக் குடும்பங்களுக்கு இரண்டரை ஏக்கருக்கும் குறைவான நிலமே உண்டு. நவம்பரில் தொடங்கும் ஒரே பருவமழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கிறார்கள். அந்த மாவில் கிண்டும் ந்சிமா என்ற களிதான் அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு. 2005இல் வறட்சியால் விளைச்சல் பொய்த்து, 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உணவு உதவியை எதிர்நோக்கி நின்றபோது, அதிபர் பிங்கு வா முத்தாரிகாவின் அரசு, உதவி வழங்கும் நாடுகள் தயங்கியதையும் பொருட்படுத்தாமல், விதை, உர மானியத்தைக் கொண்டுவந்தது. மானியச் சீட்டு கிடைத்த குடும்பம் விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, 50 கிலோ உர மூட்டைகளை வாங்கிக்கொள்ளலாம். மழையும் கைகொடுத்தது. 2007இல் மலாவி ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளம் ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தது. ஆகவே நேயர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2008இல் உலகச் சந்தையில் உர விலை எகிறியபோது மானியச் செலவு அரசின் கழுத்தை நெரித்தது. மானியம் நடைமுறையில் இருக்கும்போதே, 2016இல் எல் நினோ வறட்சியின் விளைவாக, 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மறுபடியும் உணவு உதவி தேவைப்பட்டது.

என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சொந்தமாகப் பயிரிடும் குடும்பம் ஜனவரி மாதத்தில் ஏன் பட்டினி கிடக்கிறது? விளைச்சலை மூட்டைக் கணக்கில் பார்க்காதீர்கள், எத்தனை மாதம் வரும் என்று பாருங்கள் என்று இந்த நிகழ்ச்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்த தானியம் பல வீடுகளில் டிசம்பரைத் தாண்டுவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வயல் பச்சைப்பசேலென்று நிற்கும், வீட்டில் மாவு இருக்காது.

அந்த மாதங்களில் அவர்கள் செய்வது ‘கான்யு’ எனப்படும் கூலி வேலை. கொஞ்சம் வசதியுள்ளவரின் வயலில் களை கொத்திக் கொடுத்துவிட்டு, கூலியாக மக்காச்சோளமோ சிறிது பணமோ வாங்கி வருவார்கள். தம் சொந்தப் பயிருக்கும் களையெடுக்க வேண்டிய நாள்கள் அவையேதான். பிறர் நிலத்துக் களையை எடுக்கப் போனவரின் நிலத்தில் களை மண்டுகிறது. இட்ட உரத்தையும் அதுவே தின்கிறது. அடுத்த அறுவடை குறைகிறது. அடுத்த ஜனவரியில் இன்னும் முன்னதாகவே கூலிக்குப் போக வேண்டியிருக்கிறது. உர மூட்டையால் மட்டும் இந்தச் சுற்றை அறுக்க முடியாது.

அடுத்து, சேமிப்பு. மூங்கிலால் பின்னி, தரையில் படாமல் கால்களின்மேல் உயர்த்தி, புல்கூரை போட்ட ‘ங்கொக்வே’ என்ற களஞ்சியத்தில் கதிர்களைப் போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். நம் குதிர் போன்றது, ஆனால் காற்றோட்டம் உள்ளது. நாட்டு மக்காச்சோளத்தின் மணி கெட்டியானது, அதில் வண்டு எளிதில் ஏறாது. மானியத்தில் கிடைத்த வீரிய ரகங்களில் பலவற்றின் மணி மென்மையானது. விளைச்சல் கூடியது, வண்டுக்கும் விருந்து கூடியது. போதாக்குறைக்கு, மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு துளைப்பான் வண்டு 1970களின் இறுதிவாக்கில் தான்சானியாவுக்குள் நுழைந்து அங்கிருந்து பரவியது. வண்டுக்குப் பயந்து அறுவடை முடிந்த கையோடு மலிவு விலைக்கு விற்றுவிட்டு, அதே தானியத்தை ஜனவரியில் கொள்ளை விலைக்கு வாங்குகிற குடும்பங்கள் ஏராளம். இதற்குக் கைகண்ட தீர்வு ஒன்று இருக்கிறது. சாதாரணச் சாக்குக்குள் இரண்டு கெட்டியான பாலித்தீன் உறைகளை வைத்து, நன்கு காய்ந்த தானியத்தைக் கொட்டி, ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கும் வண்டு மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகும். மருந்து தேவையில்லை. கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவான முறை இது.

மராடியை மறுபடியும் இழுப்பதற்கு மன்னியுங்கள். 1991இல் அங்கேதான் பெண்களின் கிராமச் சேமிப்புக் குழுக்களும் தொடங்கின. வாரந்தோறும் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக்கொள்வார்கள். மலாவிக் குடும்பத்துக்கும் அப்படிச் சேர்த்த பணம் பஞ்ச மாதத்தில் கைக்குக் கிடைத்தால் கான்யுவுக்குப் போகும் நாள்கள் குறையும்.

மண்ணுக்கு வருகிறேன். வடக்கு மலாவியின் எக்வெண்டேனி மருத்துவமனை, ஊட்டச்சத்துக் குறைவோடு வந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, 2000ஆம் ஆண்டில் விவசாயத்துக்குள் இறங்கியது. நிலக்கடலையோடு துவரையை ஊடுபயிராக விதைத்து, அறுவடைக்குப் பின் இலைதழைகளை எரிக்காமல் மண்ணில் புதைத்தார்கள். துவரை முதலில் மெதுவாக வளர்வதால் கடலைக்கு இடைஞ்சல் இல்லை. இரண்டும் மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், குழந்தைக்குப் புரதமும் கொடுக்கும். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? ஆட்டில். மக்காச்சோளம் அறுத்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். அப்போதும் வயலில் பச்சையாக நிற்பது துவரை மட்டும்தான். ஊர்த்தலைவரைக் கூட்டி வைத்துப் பேசாமல் இதற்கு எந்த விதை நிறுவனமும் வழி சொல்ல முடியாது. துவரையை விற்றுப் பணமாக்கலாம் என்றால், அதன் பெரிய சந்தை இந்தியா. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது மலாவியிலும் மொசாம்பிக்கிலும் விலை சரிந்து விழுந்தது. நம் சாம்பார்ப் பருப்பின் கணக்கு அங்கே ஒரு வீட்டின் பள்ளிக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

பணம் அனுப்ப நினைக்கும் நேயருக்கு இதையே சொல்வேன். உரம் கொடுக்கும் அமைப்பு என்றால், அது நவம்பர் மழைக்கு முன் கிராமத்தை எட்டுகிறதா என்று கேளுங்கள். சேமிப்புப் பைகள் அறுவடைக்கு முன்பே கடைக்கு வருகின்றனவா என்று கேளுங்கள். களையெடுக்கும் ஜனவரியில் அந்த வீட்டில் மாவு இருப்பதற்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர்களுக்கு அனுப்புங்கள்.