மூத்தவர் பிரிக்க, இளையவர் எடுக்க: வெட்டின் அரசகுலத்தின் பாகப்பிரிவினைகள்

அவைத்தலைவர் அவர்களே, வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களே, வணக்கம்.

1455ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் ஆல்டன்பர்க் கோட்டைக்குள் சிலர் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைத் தூக்கிச் சென்றார்கள். மூத்தவன் எர்ன்ஸ்ட்டுக்கு வயது 14. இளையவன் ஆல்பிரெக்டுக்கு 11. அவர்களுடைய தந்தை சாக்சனியின் ஆட்சியாளர். தூக்கிச் சென்ற குன்ஸ் என்ற படைவீரரோ அவருக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டு, நிலத்தை இழந்து, அதற்கு உரிய ஈடு கிடைக்கவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தவர். மறுநாளே குன்ஸ் பிடிபட்டார். ஒரு வாரத்திற்குள் ஃபிரைபர்க் நகரில் அவருடைய தலை வெட்டப்பட்டது. பிள்ளைகள் இருவரும் பத்திரமாக வீடு திரும்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே இருவர் லைப்சிக் நகரில் அமர்ந்து நாட்டைக் கூறுபோட்டுக்கொண்டார்கள். அந்தப் பாகப்பிரிவினையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அவர்கள் வெட்டின் குலத்தவர்கள். ஹாலே நகருக்கு அருகே சாலே ஆற்றங்கரையில் உள்ள ஒரு கோட்டையின் பெயரே குலத்தின் பெயராயிற்று. 1089இல் மைசென் எல்லைப்புறத்தின் ஆட்சி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் துரிங்கியா, 1423இல் சாக்சனியின் தேர்வாளர் பட்டம் என்று அவர்கள் படிப்படியாக உயர்ந்தார்கள். தேர்வாளர் என்றால், புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரில் ஒருவர் என்று பொருள். அந்தப் பட்டத்தையும் அதற்குரிய நிலத்தையும் பிரிக்கக் கூடாது என்று 1356ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனம் விதித்திருந்தது. மற்ற நிலங்களுக்கு அந்தத் தடை இல்லை.

1485இல் பின்பற்றப்பட்ட முறை நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் புதிதாக இராது. மூத்தவர் பங்கு பிரிப்பார். எந்தப் பங்கு வேண்டும் என்பதை இளையவர் முதலில் சொல்வார். எர்ன்ஸ்ட் பிரித்தார், ஆல்பிரெக்ட் டிரெஸ்டனும் லைப்சிக்கும் அடங்கிய மைசென் பங்கை எடுத்துக்கொண்டார். தேர்வாளர் பட்டமும் விட்டன்பர்க்கும் துரிங்கியாவின் பெரும்பகுதியும் எர்ன்ஸ்டிடம் நின்றன. ஷ்னீபர்க் வெள்ளிச் சுரங்கத்தை மட்டும் இருவரும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். பங்காளிகள் ஆனாலும் வெள்ளியில் கவனமாகத்தான் இருந்தார்கள். அடுத்த ஆண்டே எர்ன்ஸ்ட் இறந்துபோனார்.

அவருடைய மகன்தான் ஃபிரெடெரிக். கிறிஸ்தவச் சபையில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரை வார்ட்பர்க் கோட்டையில் மறைத்து வைத்துக் காத்தவர் அவரே. அவருடைய தம்பி மகன் யோஹன் ஃபிரெடெரிக் சீர்திருத்தச் சபையினரின் படையை நடத்திச் சென்று, 1547 ஏப்ரல் 24 அன்று மூல்பர்க்கில் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் தோற்றார். கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு சிறைப்பட்டார். எதிரணியில் நின்றவர் ஆல்பிரெக்டின் பேரன் மோரிட்ஸ். அவரும் லூதரின் வழியைச் சேர்ந்தவர்தான் என்பதால், மக்கள் அவரை ‘மைசெனின் யூதாஸ்’ என்று ஏசினார்கள். ஏச்சு காற்றோடு போயிற்று. தேர்வாளர் பட்டமும் விட்டன்பர்க்கும் மோரிட்ஸிடம் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழகத்தையும் சேர்த்து இழந்த எர்ன்ஸ்ட் கிளையினர் அடுத்த ஆண்டே யேனாவில் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற யேனா பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததே.

இதற்குப் பிறகு எர்ன்ஸ்ட் கிளை தலைமுறைதோறும் பிரிந்துகொண்டே போனது. கோட்டாவை ஆண்ட ‘பக்திமான்’ எர்ன்ஸ்ட்டைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். முப்பதாண்டுப் போர் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்தபோதே, 1642இல், தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வர வேண்டும் என்று ஒழுங்குமுறை வகுத்தவர் அவர். அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் உண்டு. அவரிடம் பணியாற்ற வந்த ஓர் அதிகாரியின் மகனாகக் கோட்டாவில் வளர்ந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. ஃபிராங்கே பின்னாளில் ஹாலேயில் நிறுவிய கல்வி நிலையங்களோடு பிணைந்த இயக்கத்திலிருந்துதான் 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நம் மண்ணில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பின்னால், தொலைவிலேனும், கோட்டாவின் பள்ளிக்கூடமும் நிற்கிறது.

அத்தகையவர் தம் ஏழு மகன்களும் ஒற்றுமையாக ஆள்வார்கள் என்று நம்பினார். 1680இல் நாடு ஏழாகப் பிரிந்தது. அவற்றுள் மூன்று வீடுகள் ஆண் வாரிசின்றி அந்தத் தலைமுறையிலேயே முடிந்துபோக, மிச்சமிருந்தவர்கள் அந்த நிலத்துக்காகப் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். மைனிங்கன் அரண்மனையில் எந்தப் பெண்மணி முன்னே நடப்பது என்று எழுந்த சச்சரவு முற்றி, 1747இல் கோட்டாவின் படைகள் மைனிங்கனுக்குள் நுழைந்த கதையும் உண்டு. இந்தச் சண்டைகளைப் படித்துவிட்டுச் சிரித்துக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொரு சிற்றரசுக்கும் ஓர் அரண்மனை, ஒவ்வோர் அரண்மனைக்கும் ஒரு நூலகம், ஓர் இசைக்குழு என்று ஆனதையும் பார்க்க வேண்டும். இசைமேதை பாஹ், எர்ன்ஸ்ட் கிளையின் இன்னொரு தலைநகரான வைமரில் பணியாற்றினார். வேறிடம் போக விடுதலை கேட்டு வற்புறுத்தியதற்காக அதே வைமரில் ஏறக்குறைய நான்கு வாரம் சிறையிலும் இருந்தார். கவிஞர் கோதே 1775இல் அங்கே வந்து வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டார்.

ஆல்பிரெக்டின் கிளை வேறு பாதையில் போனது. அவர்களும் ஒருமுறை தம்பிகளுக்கு மூன்று சிறு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1746க்குள் மூன்றும் வாரிசின்றி மூத்த வீட்டுக்கே திரும்பிவிட்டன. நாடு பெரியதாகவே இருந்ததால் ஆசையும் பெரிதாயிற்று. ‘பலசாலி’ ஆகஸ்ட் 1697இல் போலந்தின் மகுடத்துக்காகக் கத்தோலிக்கரானார். லூதரைக் காத்த நாட்டின் அரசர் குடும்பம் பின்னர் கத்தோலிக்கக் குடும்பமாகவே நிலைத்தது. 1717இல் பிரஷ்ய அரசருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான் பொருட்களை வாங்கிய மனிதரும் இவர்தான். 1806இல் நெப்போலியனின் தயவால் சாக்சனி முடியரசானது. 1815இல் அவர் பக்கம் நின்ற குற்றத்துக்காக நாட்டின் ஐந்தில் மூன்று பங்கு நிலம் பிரஷ்யாவுக்குப் போயிற்று. பழைய தேர்வாளர் நகரமான விட்டன்பர்க்கும் அதில் போனது.

பிரிந்து பிரிந்து எர்ன்ஸ்ட் கிளையினர் தேய்ந்தார்கள் என்று சொல்வது வழக்கம். அவர்களைக் காப்பாற்றியதே அந்தச் சிறுமைதான் என்பது என் கருத்து. 1831இல் பெல்ஜியத்துக்கு அரசர் தேவைப்பட்டபோது, பெரிய வல்லரசு ஒன்றின் இளவரசரை மற்ற வல்லரசுகள் ஏற்கமாட்டா. எர்ன்ஸ்ட் கிளையின் கோபுர்க் வீட்டைச் சேர்ந்த லியோபோல்டோ எந்தப் படையையும் பின்னால் கூட்டிவரக்கூடியவர் அல்லர்; பிரிட்டிஷ் இளவரசியை மணந்து மனைவியை இழந்தவர் என்பதால் அங்கும் வேண்டியவர். அரியணை அவருக்குக் கிடைத்தது. 1836இல் அவருடைய அண்ணன் மகன் போர்ச்சுகல் அரசியை மணந்தார். 1840இல் இன்னோர் அண்ணன் மகன் ஆல்பர்ட், லியோபோல்டின் சகோதரி மகளான விக்டோரியாவை மணந்தார். அத்தை மகளைக் கட்டினார் என்று நாம் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். 1887இல் பல்கேரியாவுக்கும் கோபுர்க் இளவரசர் ஒருவர் போனார்.

ஆல்பர்ட்டின் பேரன் ஐந்தாம் ஜார்ஜ் பிரிட்டனை ஆண்டபோது முதல் உலகப் போர் வந்தது. 1917 ஜூன் 13 அன்று லண்டன்மீது பகலில் குண்டு வீசி 162 பேரைக் கொன்ற ஜெர்மன் விமானங்களுக்குப் பெயர் ‘கோட்டா’. கோட்டா நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அவை. அரசரின் குடும்பப் பெயரும் சாக்ஸ்-கோபுர்க்-கோட்டா. ஜூலை 17 அன்று அவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, தாம் வாழ்ந்த கோட்டையின் பெயரான வின்ட்ஸரைச் சூட்டிக்கொண்டார். அப்போது கோபுர்க்கை ஆண்டுகொண்டிருந்தவர் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த கார்ல் எடுவார்ட். அவரும் விக்டோரியாவின் பேரன்தான். 1918 நவம்பர் 9 அன்று வைமரின் பிரபு, 13 அன்று டிரெஸ்டனின் அரசர், 14 அன்று கோபுர்க்கின் கார்ல் எடுவார்ட் என்று ஒரே வாரத்துக்குள் இரு கிளையினரும் ஆட்சியை விட்டு இறங்கினார்கள். ஆண்வழியில் பார்த்தால், லியோபோல்டின் வழியினர் மட்டும் பிரஸ்ஸல்ஸில் இன்றும் அரசராக இருக்கிறார்கள்.